விபிஎன் கேட்வேக்கு எதற்குத் தனியாக ஒரு சிஸ்டம் ஐபி?

நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு. நாலு பேர் ஒரே அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். “அந்த விபிஎன்னோட ஐபி என்ன?” என்று ஒருவர் கேட்கிறார். இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம் ஒதுக்கிய பொது முகவரியை ஒருவர் சொல்கிறார். அலுவலகத்துக்குள்ளே தெரியும் முகவரியை இன்னொருவர் சொல்கிறார். மூன்றாமவர், தன் மடிக்கணினி விபிஎன்னில் இணைந்ததும் அதற்குக் கிடைத்த முகவரியைப் படித்துக் காட்டுகிறார். மூன்று பேர் சொன்னதும் சரி. மூன்றும் வெவ்வேறு. அடுத்த அரை மணி நேரம் ஆளுக்கொரு முகவரியை மனதில் வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துப் பேசுவார்கள்.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுவது ‘சிஸ்டம் ஐபி’. விபிஎன் கேட்வேயை, அதாவது தொலைவில் இருப்பவர்களை அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் கருவியை, அமைக்கும் திரையில் அந்தப் பெயரில் ஒரு கட்டம் இருக்கும். பலர் கைக்கு வந்த ஒரு முகவரியை அதில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். போட்ட அன்று எதுவும் கெடாது. மாதக்கணக்கில் கெடாது. ஒருநாள் ஓர் இணைய லைன் அறுந்துபோகும் இரவில்தான் கெடும். அப்போது இதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. அதனால் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். நெட்வொர்க் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## முகவரி இருப்பது வாசலில்

‘இந்தக் கணினியின் ஐபி முகவரி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் ஒரு கணினி நெட்வொர்க்கைத் தொடும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி முகவரி உண்டு. அப்படித் தொடும் இடத்தின் பெயர் இன்டர்ஃபேஸ். கேபிள் செருகும் துளை ஓர் இன்டர்ஃபேஸ், வைஃபை இன்னொன்று. கேபிளையும் செருகி வைஃபையையும் போட்டுவிட்டால் ஒரே மடிக்கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஐபி முகவரிகள் இருக்கும்.

மூன்று தெருக்களைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பெரிய கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் அந்தத் தெருவின் கதவிலக்கம். கிழக்கே 10, தெற்கே 42, மேற்கே 7. கடிதம் எந்த இலக்கத்துக்கு வந்தாலும் உள்ளே வந்து சேர்ந்துவிடும். சரி, கட்டடத்திலிருந்து ஒரு கடிதம் வெளியே போகும்போது அனுப்புநர் முகவரியில் எந்தக் கதவிலக்கத்தை எழுதுவது? இந்தக் கேள்வியை நினைவில் வைத்திருங்கள். சிஸ்டம் ஐபி பிறந்ததே இந்தக் கேள்வியால்தான்.

நெட்வொர்க்கில் கடிதத்துக்குப் பதில் பாக்கெட். அனுப்ப வேண்டிய தகவலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் இரண்டு முகவரிகளை எழுதி அனுப்புவார்கள். எங்கிருந்து கிளம்பியது என்பது மூல முகவரி. எங்கே போக வேண்டும் என்பது சேரும் முகவரி. பரவலாகப் புழங்கும் ஐபிவி4 முறையில் ஒவ்வொரு முகவரியும் 32 பிட் நீளமுள்ள ஓர் எண். நாம் படிக்க வசதியாக அதை நான்காகப் பிரித்து, 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாகப் புள்ளி வைத்து எழுதுகிறோம்.

## உறைக்குள் உறை

இப்போது விபிஎன். இரண்டு அலுவலகங்கள் தொலைவில் இருக்கின்றன. நடுவில் பொது இணையம். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோலப் பேசிக்கொள்ள வேண்டும், நடுவில் யாரும் படித்துவிடக் கூடாது. இதற்கு இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கருவியை வைப்பார்கள். அதுதான் விபிஎன் கேட்வே.

அது செய்யும் வேலை எளிது. உள்ளேயிருந்து வரும் பாக்கெட்டை அப்படியே மறைகுறியாக்கி, இன்னொரு பாக்கெட்டுக்குள் போட்டு ஒட்டுகிறது. வெளி உறையில் தன் பொது முகவரியை மூலமாகவும், எதிர்முனை கேட்வேயின் பொது முகவரியைச் சேருமிடமாகவும் எழுதுகிறது. இணையத்தில் இருப்பவர்களுக்கு வெளி உறை மட்டும் தெரியும். எதிர்முனை உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பாக்கெட்டை எடுத்து, அதில் எழுதியிருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. இப்படி உறைக்குள் உறையாகப் போகும் பாதைக்குத்தான் டனல் என்று பெயர். பூமிக்கடியில் தனிக் குழாய் எதுவும் இல்லை. சாதாரண இணையப் பாதையேதான், உறை மட்டும் கூடுதல்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இதே கதைதான். அவருடைய மடிக்கணினியே ஒரு முனையாகிவிடுகிறது. இணைந்ததும் கேட்வே அவருக்கு உள் நெட்வொர்க்கில் ஒரு முகவரியைக் கொடுக்கும். அப்படிக் கொடுப்பதற்காக ஒதுக்கி வைத்திருக்கும் முகவரிக் கூட்டத்தைப் பூல் என்பார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: முகவரி என்பது வாசலுடையது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பியவர், பெறுபவர் என்று இரண்டு முகவரிகள் இருக்கும். கேட்வே அந்தப் பாக்கெட்டைப் பூட்டி வேறோர் உறையில் வைத்து அனுப்புகிறது.

## ஒரே பெட்டி, ஏழு முகவரிகள்

ஓர் உதாரணக் கேட்வேயைத் திறந்து பார்ப்போம். இரண்டு இணைய லைன்கள் உள்ளன. ஒன்று அறுந்தால் இன்னொன்று.

203.0.113.10 என்பது முதல் இணைய லைனில் உள்ள பொது முகவரி. 198.51.100.20 இரண்டாவது லைனில் உள்ளது. (203.0.113 என்றும் 198.51.100 என்றும் தொடங்கும் முகவரிகள், இப்படி விளக்கம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. நிஜ இணையத்தில் யாருக்கும் கொடுப்பதில்லை.) 10.20.1.1 அலுவலகத்தின் உள்பக்க முகவரி. எதிர்முனையில் இருக்கும் தரவு மையத்துக்கு இரண்டு டனல்கள், லைனுக்கு ஒன்றாக. டனலும் ஓர் இன்டர்ஃபேஸ்தான், அதனால் அவற்றுக்கும் முகவரி உண்டு: 172.31.1.2, 172.31.2.2. வீட்டிலிருந்து இணைபவர்களுக்கான பூல் 10.99.0.0 முதல் 10.99.0.255 வரை. அதில் ஒன்றைக் கேட்வே தனக்கென்று எடுத்துக்கொள்கிறது, 10.99.0.1 என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு ஆகிவிட்டது. இத்தனை இருக்க, ஏழாவதாக எதற்கு ஒன்று? இந்த ஆறில் ஒன்றையே சிஸ்டம் ஐபி என்று சொல்லிவிடக் கூடாதா? சொல்லலாம், பல கருவிகள் அதை ஏற்கவும் செய்யும். ஆனால் அடுத்த பகுதியைப் படித்தபிறகு அப்படிச் செய்ய மனம் வராது என்று நினைக்கிறேன்.

## கேட்வே தானே பேசும்போது

இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குச் சறுக்குகிறது, எனக்கும் தொடக்கத்தில் சறுக்கியது. கேட்வே என்றால் பிறர் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் ஒன்று என்று மட்டுமே நினைக்கிறோம். அப்படிக் கடந்து போகும் பாக்கெட்டின் மூல முகவரியில் அந்தப் பயனரின் முகவரி ஏற்கெனவே எழுதியிருக்கும். கேட்வே அதில் தன் பெயரை எழுத வேண்டியதில்லை.

ஆனால் கேட்வேயும் தன் சொந்த வேலையாகப் பலரோடு பேசுகிறது. யாரோ உள்நுழைய முயன்றால், கடவுச்சொல் சரியா என்று ரேடியஸ் சர்வரிடம் கேட்கிறது. (யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் மையச் சர்வர்தான் ரேடியஸ் சர்வர்.) நடந்ததையெல்லாம் லாக் சர்வருக்கு எழுதி அனுப்புகிறது. மணி என்ன என்று நேரச் சர்வரிடம் கேட்கிறது. கண்காணிப்பு மென்பொருள் நலம் விசாரித்தால் பதில் சொல்கிறது. தன்னை நிர்வகிக்கும் மையத்தோடு ஓயாமல் தொடர்பில் இருக்கிறது. இந்தப் பாக்கெட்டுகள் எல்லாம் கேட்வேயிலேயே பிறப்பவை. இவற்றின் மூல முகவரியைக் கேட்வேதான் எழுத வேண்டும். ஆறு முகவரிகளில் எதை எழுதும்?

யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது செய்வது இதுதான். எந்த முகவரிக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கும். அதன் பெயர் ரூட்டிங் அட்டவணை. அதைப் பார்த்து வாசலைத் தேர்ந்தெடுக்கும். பிறகு அந்த வாசலின் கதவிலக்கத்தையே அனுப்புநர் முகவரியாக எழுதிவிடும். கிழக்கு வாசல் வழியாகக் கிளம்பினால் 10, தெற்கு வாசல் வழியாகக் கிளம்பினால் 42. கட்டடம் ஒன்றுதான், கையெழுத்து மட்டும் வாசலுக்கு வாசல் மாறும்.

இதில் என்ன ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள வங்கியில் பதிவு செய்த கைபேசி எண்ணை நினைத்துப் பாருங்கள். உங்கள் கைபேசியில் இரண்டு சிம். வங்கியில் பதிந்திருப்பது முதல் சிம்மின் எண். ஒருநாள் முதல் சிம்முக்குச் சிக்னல் இல்லை. இரண்டாவது சிம்மிலிருந்து வங்கியின் தானியங்கிச் சேவையை அழைக்கிறீர்கள். பேசுவது நீங்கள்தான், கைபேசியும் அதேதான். ஆனால் வங்கிக்கு நீங்கள் யாரோ.

## கடவுச்சொல்லில் பிழை இல்லாத ஒரு காலை

இது நான் நேரில் பார்த்தது. மேலே சொன்ன உதாரணத்தைப் போன்ற அமைப்புதான், எண்களை மட்டும் அந்த உதாரணத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

இரவில் முதல் இணைய லைன் போய்விட்டது. கேட்வே செய்ய வேண்டியதைச் செய்தது. இரண்டாவது லைனில் இருந்த டனலுக்குத் தானாக மாறிக்கொண்டது. கண்காணிப்புத் திரையில் டனல் பச்சை. அலுவலகத்திலிருந்து தரவு மையத்துக்குப் போகும் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இணையத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் உள்நுழைய முடியவில்லை. விபிஎன் மென்பொருள் கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு, உள்நுழைவு தோல்வி என்றது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார்கள். மாற்றிய பிறகும் அதே தோல்வி. ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள், எந்தக் கடவுச்சொல் எதற்கு என்பதே குழம்பிவிட்டது. கேட்வேயிலிருந்து ரேடியஸ் சர்வருக்குப் பிங் அடித்தால் பதில் வந்தது. (எதிரில் இருக்கும் கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைதான் பிங்.) சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. டனல் பச்சையாகத்தான் இருந்தது.

கடைசியில் ரேடியஸ் சர்வரின் லாகைத் திறந்தபோதுதான் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. தெரியாத கிளையன்ட் 172.31.2.2-இலிருந்து வந்த கோரிக்கை புறக்கணிக்கப்பட்டது.

ரேடியஸ் சர்வர் தன்னிடம் கேள்வி கேட்கும் கருவிகளை அவற்றின் மூல முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு முகவரிக்கும் ஓர் இரகசியச் சொல் பதிந்திருக்கும். பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து கோரிக்கை வந்தால் பதிலே சொல்லாமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி. 2000-இல் வெளியான ஆர்எஃப்சி 2865 என்ற தர ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. பாதுகாப்பு நோக்கில் சரியான விதி. எங்கள் கேட்வேயின் பெயராக அங்கே பதிந்திருந்தது 172.31.1.2, அதாவது முதல் டனலின் முகவரி. அமைத்த அன்று கேட்வே அந்த வாசல் வழியாகப் போனது. சர்வர் லாகில் அந்த முகவரி தெரிந்தது. யாரோ அதை எடுத்துப் பதிந்துவிட்டார்கள். லைன் மாறியதும் வாசல் மாறியது, வாசல் மாறியதும் பெயர் மாறியது, பெயர் மாறியதும் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாவது முகவரியையும் பட்டியலில் சேர்த்தோம், எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலை. நாளைக்கு மூன்றாவது லைன் வந்தால் மூன்றாவது பதிவு. லாக் சர்வரில் ஒரே கேட்வே மூன்று பெயரில் எழுதிக்கொண்டிருக்கும். சரியான மருந்து, எந்த வாசல் வழியாகப் போனாலும் ஒரே கையெழுத்துப் போடச் சொல்வது. அந்தக் கையெழுத்துதான் சிஸ்டம் ஐபி. ஏழாவது முகவரியாக 10.255.0.7 என்று ஒன்றைக் கொடுத்து, ‘நீயாகப் பேசும்போதெல்லாம் இதையே மூல முகவரியாக எழுது’ என்று கேட்வேயிடம் சொல்லிவிட்டோம்.

சுருக்கமாக: கேட்வே வழியாகப் போகும் பாக்கெட்டுக்கும் கேட்வேயில் பிறக்கும் பாக்கெட்டுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகைக்குத்தான் கேட்வேக்கு ஒரு நிலையான பெயர் தேவைப்படுகிறது. வாசல்கள் வரும் போகும், பெயர் மாறக் கூடாது.

## கேபிளே இல்லாத வாசல்

சரி, இந்த ஏழாவது முகவரியை எங்கே ஒட்டுவது? எல்லா முகவரியும் ஏதோ ஓர் இன்டர்ஃபேஸில் இருந்தாக வேண்டும். கேபிள் உள்ள இன்டர்ஃபேஸில் வைத்தால் கேபிள் பிடுங்கப்படும்போது அந்த இன்டர்ஃபேஸ் அணைந்துவிடும், முகவரியும் கூடவே போய்விடும். உள்பக்க முகவரியான 10.20.1.1-ஐயே வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதற்குக் கீழே அலுவலகக் கணினிகளை ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவி ஒருநாள் அணைந்தால் கேட்வே தன் பெயரை மறந்துவிடும். மற்றபடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவி செத்துவிட்டதாகக் கண்காணிப்புத் திரை காட்டும்.

இதற்காகவே ரூட்டர்களிலும் கேட்வேகளிலும் லூப்பேக் இன்டர்ஃபேஸ் என்று ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும். இது மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் வாசல். கேபிள் கிடையாது, துளை கிடையாது. அதனால் அறுந்துபோவதற்கும் எதுவும் இல்லை. நாமே கட்டளை கொடுத்து அணைக்காத வரை, கருவி உயிரோடு இருக்கும் நேரமெல்லாம் அதுவும் உயிரோடு இருக்கும். இதற்குக் கொடுக்கும் முகவரியின் பின்னால் பெரும்பாலும் /32 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். இந்தத் தெருவில் ஒரே ஒரு வீடுதான் என்று அதற்குப் பொருள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லூப்பேக் என்றதும் பலருக்கு 127.0.0.1 நினைவுக்கு வரும். அது ஒவ்வொரு கணினியும் தன்னோடு தானே பேசிக்கொள்ள வைத்திருக்கும் முகவரி. கணினியை விட்டு வெளியே போகவே போகாது. கேட்வேயில் நாம் உருவாக்கும் லூப்பேக் இன்டர்ஃபேஸின் முகவரி அப்படியில்லை. வெளியிலிருந்து எல்லாரும் அதை அடைய முடியும், முடிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த யோசனை விபிஎன்னுக்குப் புதிதாக வந்ததும் இல்லை. பெரிய நெட்வொர்க்குகளில் ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளப் பயன்படும் ஓஎஸ்பிஎஃப் முறையில் ஒவ்வொரு ரூட்டருக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். நாம் எதுவும் கொடுக்காவிட்டால் சிஸ்கோ நிறுவனத்தின் ரூட்டர்கள் தங்கள் லூப்பேக் முகவரிகளில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளும். லூப்பேக்கே இல்லாவிட்டால்தான் மற்ற இன்டர்ஃபேஸ்களைப் பார்க்கும். அணையாத வாசலில்தான் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்ற அனுபவம் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

## எந்த எண்ணைக் கொடுப்பது?

பொது முகவரி வேண்டியதில்லை. தனியார் பயன்பாட்டுக்கென்று மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 இவற்றை வரையறுத்தது. இவற்றில் எங்கும் பயன்படுத்தாத ஒரு சின்னப் பகுதியைச் சிஸ்டம் ஐபிகளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நான் 10.255.0 என்று தொடங்குவதை வைத்துக்கொள்கிறேன். லாகில் அந்த எண்ணைப் பார்த்ததும் இது ஒரு கருவி பேசுவது, பயனர் பேசுவது இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு ரூட்டர்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அவற்றைத்தான் வைத்துக்கொண்டு வருகின்றன. வீட்டிலிருந்து இணைபவரின் மடிக்கணினி அந்த முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும்.

இரண்டு கருவிகளுக்கு ஒரே சிஸ்டம் ஐபி இருக்கவே கூடாது. இது சொல்லாமலே தெரியும் என்று தோன்றும், ஆனால் நடக்கிறது. ஒரு கேட்வேயின் அமைப்புக் கோப்பை நகலெடுத்து இன்னொன்றில் போடும்போது வெளி முகவரிகளைக் கவனமாக மாற்றுவார்கள். சிஸ்டம் ஐபியை மறந்துவிடுவார்கள். அப்புறம் நிர்வாகத் திரையில் ஒரு கிளை வரும், இன்னொரு கிளை மறையும். மறைந்தது வரும், வந்தது மறையும்.

தானாக ஒதுக்கப்படும் முகவரியும் வேண்டாம். டிஹெச்சிபி என்ற முறை கருவிகளுக்கு முகவரியைக் கடனாகக் கொடுக்கிறது. இன்று ஒன்று, நாளை வேறொன்றாகலாம். பெயரைக் கடன் வாங்கக் கூடாது. மேலே சொன்ன பூலுக்குள் இருந்தும் எடுக்க வேண்டாம். கேட்வே அதே எண்ணை ஒரு பயனருக்குக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் வேலை நடக்காது.

ஒன்றுக்கொன்று காப்பாக இரண்டு கேட்வேகளை வைத்திருப்பவர்கள், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் மெய்நிகர் முகவரியைச் சிஸ்டம் ஐபியாகப் போட்டுவிடுவதுண்டு. அந்த முகவரி பயனர்களுக்காக. எந்தக் கேட்வே வேலையில் இருக்கிறதோ அதனிடம் அது இருக்கும். சிஸ்டம் ஐபி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும். இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டாவது கேட்வேயிடம் ‘நலமா’ என்று கேட்கக்கூட வழியிருக்காது.

## திரும்பி வரும் வழி

முகவரி கொடுத்தாகிவிட்டது, லூப்பேக்கில் வைத்தாகிவிட்டது. இப்போது ரேடியஸ் சர்வருக்கு 10.255.0.7 என்ற கையெழுத்தோடு கோரிக்கை போகிறது. சர்வரின் பட்டியலிலும் அதைப் பதிந்துவிட்டோம். இருந்தும் பதில் வரவில்லை என்றால்? பெரும்பாலும் பதில் கிளம்பியிருக்கும், வழி தெரியாமல் தொலைந்திருக்கும்.

கேபிள் உள்ள வாசலின் முகவரிக்கு வழி தானாகத் தெரிந்துவிடும், ஏனென்றால் அது ஏதோ ஒரு தெருவில் இருக்கிறது. லூப்பேக் எந்தத் தெருவிலும் இல்லை. ஆகவே 10.255.0.7-க்கு இந்த டனல் வழியாக வர வேண்டும் என்று எதிர்முனைக்குச் சொல்ல வேண்டும். ரூட்டர்கள் தாங்களே பாதை பகிரும் முறை இருந்தால் அதில் இந்த முகவரியையும் சேர்த்து அறிவிக்கலாம். இல்லையென்றால் எதிர்முனையில் கையால் எழுத வேண்டும். இரண்டு டனல்கள் உண்டென்றால் இரண்டுக்கும்.

இதில் ஒரு நுட்பமான பள்ளம் இருக்கிறது. சில ஐபிசெக் டனல்களில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போவதை மட்டும் பூட்டி அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். (விபிஎன் பாக்கெட்டுகளைப் பூட்டித் திறக்கும் பரவலான தரமுறைதான் ஐபிசெக்.) அந்தப் பட்டியலில் 10.20 என்று தொடங்கும் அலுவலக முகவரிகள் மட்டும் இருக்கும். புதிதாக வந்த 10.255.0.7 இருக்காது. அப்போது பயனர்களின் பாக்கெட்டுகள் எல்லாம் டனலில் போகும், கேட்வேயின் சொந்தப் பாக்கெட் மட்டும் போகாது. டனல் பச்சையாக இருக்கும். பயனர்கள் குறை சொல்ல மாட்டார்கள். லாக் மட்டும் வராது. பட்டியலை இரண்டு முனையிலும் திருத்த வேண்டும், ஒரு முனையில் மட்டும் திருத்தினால் பல கருவிகளில் அந்தப் பகுதிக்கான டனலே எழாது.

## அடிக்கடி கேட்கும் தவறான பேச்சு

‘பயனர்கள் விபிஎன் மென்பொருளில் சிஸ்டம் ஐபியைத்தான் போட வேண்டும்.’ கிடையாது. அவர்கள் போட வேண்டியது பொது முகவரி அல்லது அதற்கான பெயர். சிஸ்டம் ஐபி தனியார் முகவரி. பொது இணையத்தில் அதற்குப் பாதையே இல்லை. டனல் எழுந்த பிறகு உள்ளே தெரிவது அது. டனலை எழுப்பவே அதைப் பயன்படுத்த முயன்றால், பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

‘சிஸ்டம் ஐபி வைத்தால் கேட்வே மறைந்துவிடும், பாதுகாப்பு.’ அதுவும் இல்லை. வெளி முகவரி எப்போதும்போல வெளியே தெரியத்தான் செய்யும். சிஸ்டம் ஐபியின் வேலை அடையாளம் சொல்வது மட்டுமே. மறைமுகமாக ஒரு நன்மை உண்டு. நிர்வாகத் திரையை அந்த முகவரியில் மட்டும் திறக்கும்படி அமைத்துவிட்டால், எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளை ஒரே முகவரியை வைத்து இறுக்கமாக எழுத முடியும்.

‘சிஸ்டம் ஐபி என்றால் எல்லாக் கருவியிலும் ஒன்றுதான்.’ இங்கே கொஞ்சம் கவனம் தேவை. பல கிளைகளின் இணைப்புகளை மென்பொருளால் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சிஸ்கோவின் எஸ்டி-வேன் அமைப்பில் சிஸ்டம் ஐபி என்பது கருவியின் அடையாள எண்ணாகத்தான் பயன்படுகிறது. பார்க்க ஐபி முகவரிபோல இருக்கும், ஆனால் அதை யாரும் அடையக்கூடியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, தனித்துவமாக இருந்தால் போதும். அருபா என்ற பெயரில் வரும் கேட்வேகளில் அப்படியில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு விலான் முகவரியையோ லூப்பேக் முகவரியையோ சிஸ்டம் ஐபியாகச் சுட்ட வேண்டும். (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒவ்வொரு பிரிவும் ஒரு விலான்.) வேறு சில கருவிகளில் இந்தப் பெயரே இருக்காது. ரேடியஸுக்கு ஒன்று, லாகுக்கு ஒன்று என்று ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக ‘மூல இன்டர்ஃபேஸ்’ என்று கேட்கும். எல்லா இடத்திலும் அதே லூப்பேக்கைக் காட்டினால் பலன் ஒன்றே.

## பிறகு மாற்ற வேண்டி வந்தால்

முடிந்தவரை மாற்றாமல் இருப்பதே நல்லது. சில கருவிகளில் சிஸ்டம் ஐபியை மாற்றினால் நிர்வாக மையத்தோடு இருக்கும் தொடர்பு அறுந்து மீண்டும் கட்டப்படும். சிலவற்றில் கருவியையே மறுபடி தொடங்க வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கேட்வேயைத் தொடுவதற்கு முன் மற்ற இடங்களைத் தயார்செய்யுங்கள். ரேடியஸ் பட்டியலில் புதிய முகவரியைப் பழையதோடு சேர்த்துப் பதியுங்கள். ஃபயர்வால் விதிகள், கண்காணிப்பு மென்பொருள், எதிர்முனையின் பாதைகள், ஐபிசெக் பட்டியல் எல்லாவற்றிலும் அப்படியே. பிறகு கேட்வேயில் மாற்றுங்கள். எல்லாம் ஓடுவதை உறுதி செய்தபின் பழையதை நீக்குங்கள்.

சரிபார்க்கும்போது வெறும் பிங் போதாது. எங்கள் கதையில் பிங் வேலை செய்தது நினைவிருக்கும். அந்தப் பிங்கும் 172.31.2.2 என்ற கையெழுத்தோடுதான் போயிருக்கிறது, பிங்குக்குப் பதில் சொல்ல யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை. மூல முகவரியைக் குறிப்பிட்டுப் பிங் அடிக்கும் வசதி அநேகமாக எல்லாக் கேட்வேயிலும் உண்டு. 10.255.0.7-இலிருந்து என்று சொல்லி அடித்துப் பாருங்கள். அதற்குப் பதில் வந்தால் போகும் வழியும் திரும்பும் வழியும் சரி.

அதன்பிறகு, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஆள் குறைவான நேரத்தில் முதல் லைனின் கேபிளைப் பிடுங்குங்கள். டனல் இரண்டாவது லைனுக்கு மாறட்டும். யாராவது ஒருவரை வீட்டிலிருந்து புதிதாக உள்நுழையச் சொல்லிவிட்டு ரேடியஸ் சர்வரின் லாகைத் திறந்து வையுங்கள். கோரிக்கை வந்த முகவரி என்று அங்கே 10.255.0.7 எழுதியிருந்தால், கேபிளைத் திரும்பச் செருகிவிடலாம்.